உப்புக் கரித்த எண்ணெய்

அத்தியாயம் ஆறு

செத்துப்போன ஒருவர் கடைசியாக உட்கார்ந்திருந்த இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பது சேதுலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மிதித்தாள். பெடல் பாதி தூரம்கூடப் போகவில்லை. கல்லை மிதித்தாற்போல் நின்றது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாள். அதே கல்.

"பிடிக்குதுல்ல?" என்றார் இன்ஸ்பெக்டர் தேவசகாயம், ஜன்னலில் கையை ஊன்றியபடி. "மறுநாளே நாலு பேரை விட்டுத் தள்ளச் சொல்லி நானே மிதிச்சுப் பாத்தேன். வண்டி அசையலை. பெடல் தரைப்பலகை வரைக்கும் இறங்கிருச்சு, பிரேக் போயிருச்சுன்னு சத்தியம் பண்றான் உங்க டிரைவர் காதர் மைதீன். போன பிரேக் ராத்திரியோட ராத்திரியா திரும்பி வருமாம்மா?"

"கோவிச்சுக்கிட்டுப் போன புருஷனே வாரதில்லை. பிரேக்கா வரப்போகுது" என்றாள் பூவரச மர நிழலில் நின்றிருந்த வெள்ளையம்மாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சேதுலட்சுமி காதில் விழாதவள் போல் காரை விட்டு இறங்கினாள். அவள் கணவன் கொழும்பில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்பது வெள்ளையம்மாளுக்குத் தெரியும். ராமநாதபுரத்தில் மற்ற எல்லோருக்கும் அவன் வியாபாரமாகப் போனவன்.

ராமநாதபுரத்துக்கும் தொண்டிக்கும் பஸ் விட்டுக்கொண்டிருந்தவரின் மகள் சேதுலட்சுமி. பொம்மை வைத்து விளையாட வேண்டிய வயதில் பஸ் ஷெட்டில் ஸ்பானர் வைத்து விளையாடியவள். அப்பாவுக்குப் பிறகு பஸ்கள் கைமாறிப் போயின. அவள் வக்கீல்களுக்காகத் துப்பு விசாரித்துக் கொடுப்பதைத் தொழிலாக்கிக்கொண்டாள். வெள்ளையம்மாள் அவளைவிடப் பத்து வயது மூத்தவள். டூரிங் டாக்கீஸில் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்தவள். எவள் எந்தக் காட்சியில் அழுவாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவாள்.

இப்போது அவர்கள் முன்னால் நின்ற காரின் இடதுபக்க முகப்பு நசுங்கிப் போயிருந்தது. திருவாடானை ரைஸ்மில் முதலாளி நாகலிங்கம் தொண்டியில் ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக உச்சி வெயிலில் அந்தக் காரில் வந்தார். தாலுகா மதுவிலக்குக் கமிட்டியின் தலைவர் அவர். ஊருக்குள் நுழையும் வளைவில் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. டிரைவர் காதர் மைதீன் ஒடித்துத் திருப்பினான். கார் பனைமரத்தில் மோதியது. நாகலிங்கம் அங்கேயே போய்விட்டார். அவன் தோள் எலும்பு முறிந்து பிழைத்தான். முதல்நாள்தான் மில் ஆட்கள் முன்னால் நாகலிங்கம் அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தார். பிரேக்கும் நன்றாக இருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கு வேறு என்ன வேண்டும்? முதலாளி உட்கார்ந்த பக்கமாகப் பார்த்து மரத்தில் விட்டான் என்று கொலைக் கேஸ் எழுதத் தயாராகிவிட்டார்.

"பானெட்டைத் தூக்கச் சொல்லுங்க" என்றாள் சேதுலட்சுமி.

எஞ்சினுக்குப் பின்னால் பிரேக் எண்ணெய்ச் சிமிழ் இருந்தது. மூடியைத் திருகி எடுத்து விரலை விட்டாள். நல்ல பிரேக் எண்ணெய் வெயிலில் தேன் மாதிரி தெளிவாக இருக்கும். அவள் விரலில் வந்தது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக இருந்தது.

பிறகு ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். பின் இடது சக்கரத்தின் அருகே உட்கார்ந்துவிட்டாள். நடுவில் பெயின்ட் வெந்து, அப்பளம் போலக் கொப்பளித்திருந்தது.

"இதைக் கழட்டணும்."

கான்ஸ்டபிள்கள் முனகிக்கொண்டே கழற்றினார்கள். டிரம்முக்குள்ளே, சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூக்களை விரித்துவிடும் சின்ன உருளையில் செம்பட்டையாகத் துரு. விரித்த ஷூ திரும்பி உள்ளே போக முடியாமல் அப்படியே இறுகியிருந்தது.

"வெள்ளையக்கா, இடியாப்ப உழக்குல மேல ஒரு இடத்துல அமுக்குறோம். கீழ எத்தனை ஓட்டையில மாவு வருது?"

"இருக்கிற எல்லாத்துலயும்தான் வரும்."

"இந்த பிரேக்கும் அப்படித்தான். பெடலை மிதிச்சா எண்ணெயை அமுக்குறோம். எண்ணெய் சுருங்காது. வேற வழியில்லாம குழாய் வழியா ஓடி நாலு சக்கரத்துலயும் ஷூவைத் தள்ளும். சரி, உழக்குல மாவுக்கு நடுவுல காத்து இருந்தா?"

"டொப்புனு சத்தம் வரும். கை சும்மா கீழ இறங்கும். எங்க மாமியா என்னையத்தான் வைவா."

"காத்து அமுங்கும். ஆவியும் அமுங்கும்" என்று சேதுலட்சுமி இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் திரும்பினாள். "இந்தச் சக்கரத்துல ஷூ ஒட்டிக்கிட்டுத் திருவாடானையில இருந்து தேய்ச்சுக்கிட்டே வந்திருக்கு. டிரம் தோசைக்கல்லாக் காய்ஞ்சிருக்கு. எண்ணெயில தண்ணி கலந்திருந்தா அது கொதிச்சு ஆவியாகும். மிதிச்சா பெடல் தரைப்பலகை வரைக்கும் போகும். ராத்திரி ஆறினதும் ஆவி மறுபடி தண்ணியாயிரும். காலையில நீங்க மிதிக்கிறப்ப கல்லு மாதிரி நிக்கும்."

"தண்ணி கலந்திருந்தா."

"வாங்க."

ஸ்டேஷன் வாசலில் டீக்கடை. அடுப்பில் காய்ந்த இரும்புக் கரண்டியில், அப்போதுதான் வந்து நின்ற பஸ்ஸின் டிரைவரிடம் கேட்டு வாங்கிய எண்ணெயை ஒரு சொட்டு விட்டாள். சத்தமில்லாமல் புகைந்தது. கரண்டியைத் துடைத்து, சிமிழிலிருந்து எடுத்து வந்திருந்த காரின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டாள். கடுகு தாளித்த மாதிரி படபடவென்று வெடித்தது.

"கறிவேப்பிலைதான் இல்லை" என்றாள் வெள்ளையம்மாள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சேதுலட்சுமி கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் தீய்ந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தாள். துப்பினாள்.

"என்ன?"

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த ஒரு கணம் அவளுக்குக் கிடைக்கத்தான் செய்தது. ஆனால் இன்ஸ்பெக்டரும் விரலை நீட்டித் தொட்டு வாயில் வைத்துவிட்டார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"உப்பு. கடல் தண்ணி." வாயைத் துடைத்துக்கொண்டார். "பிரேக் போனது நெசந்தாம்மா, ஒத்துக்கிறேன். ஆனா கடல் தண்ணி தானா நடந்து வந்து காருக்குள்ள ஏறாதுல்ல? காதர் மைதீன் வீடு எங்கன இருக்கு? கதவைத் திறந்தா அலை. அறை வாங்கின கோவத்துல பண்ணினான்னு நெனச்சேன். நீங்க வந்து, முன்னாலயே திட்டம் போட்டுப் பண்ணினான்னு காட்டிட்டீங்க. இன்னைக்கு நாகலிங்கம் அய்யாவுக்குப் பதினாறாம் நாள் படையல். அதுக்குப் போயிட்டு வந்து, உங்க கண்டுபிடிப்பையும் சேர்த்தே எழுதிடுறேன்."

ஸ்டேஷன் மதில் ஓரமாகத் தூக்குவாளியோடு நின்றிருந்தாள் காதர் மைதீனின் மனைவி காலிதா. இந்த வேலையை ஒப்படைத்தவளே அவள்தான். முக்காட்டுக்குள்ளிருந்து அவள் கண்கள் டீக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னக்கா சொல்றாக?"

"பிரேக் போனது நெசம்னு ஒத்துக்கிட்டாக."

"அல்ஹம்துலில்லாஹ்." அவள் முகம் தெளிந்ததைச் சேதுலட்சுமியால் பார்க்க முடியவில்லை.

"முழுசாக் கேளு காலிதா. எண்ணெயில உப்புத் தண்ணி இருந்திருக்கு. உன் வீட்டுக்காரர்தான் கலந்தார்ங்கிறாரு."

காலிதா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "அல்லாஹ் மேல ஆணையா மச்சான் எண்ணெயே வாங்கினது கெடையாதுக்கா. போன மாசம் பிரேக் ரப்பர் தேய்ஞ்சு ஒழுகுதுன்னு புது ரப்பர் போட்டாக. பழைய எண்ணெயை வடிச்சுட்டுப் புதுசு ஊத்தணும். அய்யாதான் ஷெட்டு அலமாரியைத் திறந்து டப்பாவுல இருந்து ஊத்திக் குடுத்தாக. அந்தச் சாவி அவுக அரைஞாணை விட்டு எறங்காது. வேற ஒரு ஆளு தொட முடியாது."

"அப்புறம்?"

"கொஞ்ச நாள்ல பெடல் பஞ்சு மாதிரி ஆயிருச்சுன்னு மச்சான் சொல்லிக்கிட்டே இருந்தாக. அன்னைக்கு மில்லுல வச்சு, எண்ணெயிலதான் ஏதோ கோளாறு, அந்த டப்பாவைக் காட்டுங்க அய்யான்னு கேட்டிருக்காக. அதுக்குத்தான் அந்த அறை."

"டப்பாவைக் காட்டச் சொன்னதுக்கா?"

"ஆமாக்கா. வீட்டுக்கு வந்து சோறு திங்கலை. அடிச்சது வலிக்கலை காலிதா, எதுக்கு அடிச்சாகன்னு தெரியலையே, அதுதான் வலிக்குதுன்னாக." குரல் உடைந்தது. "அவுகளை எனக்குத் திருப்பிக் குடுத்துருவீகல்ல?"

குடுக்கிறேன் என்று சேதுலட்சுமி சொன்னாள். இந்தத் தொழிலில் சொல்லக்கூடாத வார்த்தை அது.

திருவாடானை பஸ்ஸில் வெள்ளையம்மாள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். சேதுலட்சுமி வெளியே காய்ந்து கிடந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தால் ஒருவன் கழுத்துக் கயிற்றைத் தானே இறுக்கிவிட்டாள். டப்பாவைக் காட்டச் சொன்னதற்கு ஒரு மனிதன் ஏன் கை நீட்ட வேண்டும்? கோபக்காரர் என்று நாகலிங்கத்தை யாரும் சொன்னதில்லை. கோபமில்லாதவன் திடீரென்று அடிக்கிறான் என்றால் அதற்குப் பெயர் கோபம் இல்லை, பயம்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மதாரின் மோட்டார் சாமான் கடை. நாகலிங்கம் என்ற பெயரைக் கேட்டதும் மதார் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"அவுக மாதிரி வண்டியைப் பாக்குறவுக இந்தத் தாலுகாவுலயே கிடையாதும்மா. டிரைவரை அனுப்ப மாட்டாக. தானே வருவாக, பிரேக் ஆயில் டப்பாவைத் துண்டுல சுத்திக்கிட்டுப் போவாக. வாரம் தவறாது."

"வாரா வாரமா?"

"பஸ் கம்பெனிக்காரக வாங்குறதைவிட அதிகம்."

"காரா அது, கன்னுக்குட்டியா?" என்றாள் வெள்ளையம்மாள். "ஊத்த ஊத்தக் குடிச்சிருக்கே."

"நானும் ஒருக்கா கேட்டேன். எங்கயாச்சும் ஒழுகுதா, ஆளு அனுப்பவான்னு. முகம் சுண்டிப் போச்சு. பெறகு கேக்கலை."

சேதுலட்சுமி அலமாரியில் இருந்த டப்பா ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தாள். "இதுல என்ன கலக்குறாங்க பாய்?"

"விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும். மதுவிலக்கு வந்த பெறகு வார்னிஷ் ஸ்பிரிட்டு வாங்கணும்னா லைசென்சு, கையெழுத்து, ஆயிரம் கேள்வி. இதை மட்டும் ஒருத்தரும் கேக்குறதில்லை. காருக்குத்தானே."

அவள் மூடியை மெதுவாக இறுக்கி டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

தெருவுக்கு வந்ததும் வெள்ளையம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "தாயி, இது இடைவேளைக்கு முந்தி வர்ற முகமாச்சே. என்னன்னு சொல்லிட்டு நட."

"பிரேக் எண்ணெய் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்லை வெள்ளையக்கா. மூடின குழாய்க்குள்ள போகும், வரும். எங்கயாவது ஒழுகினாத்தான் குறையும். வாரம் ஒரு டப்பா ஒழுகினா ஷெட்டுத் தரை எப்படி இருக்கும்?"

"எண்ணெய்ச் செக்கு மாதிரி இருக்கும்."

"அதைப் பாக்கணும்."

நாகலிங்கத்தின் வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்கூடத்தில் அவருடைய பெரிய படம், சந்தன மாலை, கதர் சட்டைக்காரர்கள், அவர்களுக்கு நடுவில் இன்ஸ்பெக்டர். உளுந்து வடை வேகும் வாசனை தெருவரைக்கும் வந்தது. இருவரும் கொல்லைப்பக்கமாகப் போனார்கள். நாகலிங்கத்தின் மனைவி சோலையம்மாள் உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒடுங்கிய உடம்பு, ஈரமே இல்லாத கண்கள். ஷெட்டைப் பார்க்க வேண்டும் என்று சேதுலட்சுமி கேட்டதும் ஒன்றும் கேட்காமல் எழுந்து, இடுப்பிலிருந்து ஒற்றைச் சாவி ஒன்றை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

ஷெட்டுக்குள் கிளிஞ்சல் மணல் பரப்பியிருந்தது. கார் நின்ற இடத்தில் சக்கரத் தடம் மட்டும் பதிந்திருந்தது. மற்றபடி வெள்ளை வெளேரென்ற மணல். ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை.

"இம்புட்டையும் குடிச்சிட்டு ஒரு சொட்டுக்கூடச் சிந்தலையே இந்தக் கார்" என்றாள் வெள்ளையம்மாள்.

"கார் குடிக்கலை" என்றாள் சேதுலட்சுமி.

அவள் சோலையம்மாளின் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். சோலையம்மாள் தானே போய் அலமாரியைத் திறந்தாள்.

மேல்தட்டில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால் கோடு போட்ட கண்ணாடித் தம்ளர் ஒன்று, மடித்த வேட்டித் துணி, கிராம்புப் பொட்டலம். கீழ்த்தட்டின் மூலையில் ஒதுக்கி வைத்தாற்போல் இன்னொரு டப்பா. சேதுலட்சுமி அதைச் சாய்த்து விரலில் தொட்டாள். கலங்கல். உப்பு.

தாலுகா முழுக்கக் குடிக்காதே என்று பேசிய மனிதருக்கு ஒரு மிடறு யாரிடம் கேட்க முடியும்? கடலோரத்தில் கொழும்புச் சரக்கு கிடைக்காமல் இல்லை. ஆனால் விற்றவனுக்குத் தெரிந்துவிடும். அவன் ஒருநாள் தெருவில் பார்த்துச் சிரிப்பான். டப்பா சிரிக்காது. அந்த வாடையையும் கார் வாடை என்று சொல்லிவிடலாம்.

அதுவரைக்கும் எல்லாம் சரியாகப் பொருந்தியது. உப்பு மட்டும்தான் பொருந்தவில்லை. எவனும் தான் குடிப்பதில் உப்பைப் போட்டுக்கொள்ள மாட்டான். கொல்ல நினைக்கிறவன் உப்பைத் தேட மாட்டான். உப்பு, குமட்ட வைக்கிற சாமான். பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் கரைத்துப் புகட்டுகிற சாமான். அது இருக்குமிடம் அடுப்படி.

அவள் திரும்பினாள். சோலையம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டாள் சேதுலட்சுமி.

"வாடை தெரியாதா?" சோலையம்மாளின் குரல் வறண்டிருந்தது. "கார் வாடைன்னாக. சரின்னேன். ராத்திரிப் பூரா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடப்பாக. சாப்பாடு ஒத்துக்கலைன்னாக. அதுக்கும் சரின்னேன். கேட்டிருந்தா அவுக மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவாக?"

"அதனால உப்பைக் கலந்தீங்க."

"குளிக்கப் போகையில சாவியைக் கழட்டி ஆணியில மாட்டுவாக. ஒடைச்ச டப்பாவுல பாதி இருந்துச்சு. உப்பைக் கரைச்சு நெரப்பி வச்சேன். ஓங்கரிச்சுத் துப்பிட்டா விட்டுருவாகன்னு." சற்று நிறுத்தினாள். "அன்னைக்கு ஒரு மிடறு குடிச்சுட்டு வெளிய வந்தாக. என்னையப் பாத்தாக. நானும் பாத்தேன். ஒண்ணும் கேக்கலை. கேட்டா எனக்குத் தெரியும்னு ஆயிரும்ல. அதை ஒதுக்கிட்டு வேற டப்பா வாங்கிக்கிட்டாக."

"ஒதுக்கினதை என்ன பண்ணினார்?"

"அதான் இங்கன இருக்கே."

"பாதிதான் இருக்கு."

சோலையம்மாள் அந்த டப்பாவைப் பார்த்தாள். சேதுலட்சுமியைப் பார்த்தாள். அடுத்து வரப்போகும் வார்த்தையைச் சொல்லாமல் இருக்க முடிந்தால் எதைக் கொடுத்தாலும் தகும் என்று சேதுலட்சுமிக்குத் தோன்றியது. ஆனால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கார்லயும் இதைத்தான் ஊத்துவாகளா?" என்றாள் சோலையம்மாள்.

சேதுலட்சுமி தலையை மட்டும் அசைத்தாள்.

"காருக்குன்னு அவுக சொன்னது பொய்யின்னுல்ல நெனச்சேன். காருக்குப் பெட்ரோலும் தண்ணியும் ஊத்துறதைத்தான் பாத்திருக்கேன். இந்த டப்பா மொத்தமும் அவுகளுக்குன்னு..." கதவில் சாய்ந்தபடியே சரிந்து மணலில் உட்கார்ந்தாள்.

கணவன் சொன்ன பொய்யில் பாதி உண்மையாக இருந்துவிட்டது. அந்தப் பாதி அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. கெட்டுப்போன டப்பாவைக் கொட்ட மனசில்லாமல் மில்காரர் அதைக் காருக்குக் கொடுத்திருக்கிறார். உப்புத் தண்ணீர் சக்கரத்துக்குள்ளே போய்த் துருப்பிடிக்க வைத்து, ஒரு வெயில் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறது. அதனால்தான் டப்பாவைக் காட்டச் சொன்னவன் அறை வாங்கினான். அலமாரியைத் திறந்தால் தம்ளரும் தெரியும்.

வெள்ளையம்மாள் இந்த முறை வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. மணலில் உட்கார்ந்து சோலையம்மாளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"நான் ஒத்துக்கிறேன்" என்றாள் சோலையம்மாள் திடீரென்று. "கார்ல உப்புத் தண்ணி ஊத்துனது நாந்தான்னு சொல்றேன். அந்தத் தொண்டிப் புள்ளைய விட்டுருவாகல்ல? அவுக குடிச்சாகன்னு மட்டும் சொல்ல வேண்டாம் தாயி."

"எதுக்கு ஊத்துனேன்னு கேப்பாங்க."

"சொல்ல மாட்டேன்."

"புருஷனைக் கொன்னவள்னு எழுதுவாங்க."

"எழுதட்டும். கொன்னது நாந்தானே."

சேதுலட்சுமி டப்பாவை அதன் மூலையிலேயே நிமிர்த்தி வைத்தாள். இதை ஒத்துக்கொண்டால் காலிதாவுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறிவிடும். அதை ஒரு கணம் நினைத்துப் பார்த்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. அதைவிட மோசம், இந்தப் பெண் பேசுவது அவளுக்கு நன்றாகப் புரிந்ததுதான். கொழும்பில் வியாபாரம் எப்படி என்று யாராவது கேட்டால், பரவாயில்லை என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவனுக்காகவா? அவன் பெயர் கெட்டால் தான் காத்த அத்தனை வருஷமும் கெட்டுப்போகும் என்பதற்காக.

"நீங்க கொல்லலை" என்றாள். "அவர் சொல்லாமக் குடிச்சார். நீங்க சொல்லாமக் கலந்தீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா..." கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இன்ஸ்பெக்டர் கூடத்துலதான் இருக்காரு. எழுந்து போனதும் காதர் மைதீன் பேரை எழுதிடுவாரு. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லியாகணும். ஆனா சொன்னா முழுசாச் சொல்லணும். பாதி சொன்னா, அதுவும் ஒளிச்சு வச்ச இன்னொரு டப்பாதான்."

கூடத்திலிருந்து குரல் வந்தது. "சோலை, படையலுக்கு நேரமாச்சு, வா." நாகலிங்கத்தின் அக்கா.

சோலையம்மாள் எழுந்தாள். மணலைத் தட்டினாள். சொல்லாமலே போய்விடுவாள் என்றுதான் சேதுலட்சுமி நினைத்தாள். சோலையம்மாள் அலமாரிக்குப் போய் எதையெதையோ எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

கூடத்தில் தலைவாழை இலை நிறைய வைத்திருந்தார்கள். வடை, பணியாரம், வறுத்த மீன், வெற்றிலை, புது வேட்டி. ஆண்கள் சுவரோரம் கைகட்டி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். நாகலிங்கத்தின் அக்கா கற்பூரத்தை எடுத்து வைத்துவிட்டு, வழக்கமாக அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"தம்பிக்குப் பிரியமானது எதுவும் விட்டுப்போச்சா?"

"விட்டுப்போச்சு" என்றாள் சோலையம்மாள்.

முந்தானையிலிருந்து கண்ணாடித் தம்ளரை எடுத்து இலைக்கு முன்னால் வைத்தாள். கூடவே கொண்டுவந்திருந்த ஒரு டப்பாவைத் திறந்து தம்ளரில் ஊற்றினாள். ஸ்பிரிட் வாடை சாம்பிராணிப் புகையையும் மீறிக்கொண்டு கூடம் முழுக்கப் பரவியது. கதர் சட்டைக்காரர்களில் ஒருவர் இருமினார். சோலையம்மாள் படத்தைப் பார்த்தாள். பதினாறு நாளாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இனிமே ஒளிய வேண்டாம்" என்று படத்திடம் சொன்னாள்.

பிறகு அந்த இரண்டாவது டப்பாவை, மூலையில் ஒதுக்கியிருந்ததை, எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரின் முன்னால் போய் நின்றாள்.

"இதுல உப்புப் போட்டது நான். காருக்கு ஊத்துவாகன்னு தெரியாது. அவுக விட்டுரணும்னு போட்டேன்." இரண்டு கையாலும் அதை நீட்டினாள். "அந்தப் புள்ளை டப்பாவைக் காட்டுங்கன்னு கேட்டுச்சு. இந்தாங்க, பாருங்க."